தவலையில் வைத்த கடல்நீர்

திருச்சியில் கடல் கிடையாது. ஆனாலும் பதினோரு வருடங்கள் எனக்குக் கடல்நீரோடுதான் பிழைப்பு நடந்தது. ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் நான் ஆய்வக உதவியாளர். மூன்றாவது மாடியில், சிமெண்ட் ஷீட் கூரைக்குக் கீழே, ஆறு கண்ணாடித் தொட்டிகள். அவற்றில் கடல் முள்ளெலிகள் இருந்தன. சாத்துக்குடி அளவு உருண்டை, உடம்பு முழுக்க முள், கண் கிடையாது, மூளை கிடையாது. கான்டீன்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னைக்கு மேல என்ன மேடம், வறுவலா, குழம்பா?" என்று கேட்பார். ஸ்ரீரங்கத்து உத்தர வீதியிலிருந்து வருகிறவளிடம் அதைக் கேட்பதில் அவருக்குத் தனி ருசி.

வேலை இதுதான். முள்ளெலியின் வாயைச் சுற்றியுள்ள மெல்லிய தோலில் பொட்டாசியம் குளோரைடு கரைசலை ஊசியால் ஏற்ற வேண்டும். சில நிமிடங்களில் அது தன்னிடம் இருப்பதையெல்லாம் வெளியே விட்டுவிடும். பெண்ணாக இருந்தால் மஞ்சள் முட்டைகள், ஆணாக இருந்தால் பால் போல. அதற்கு விருப்பமா என்று யாரும் கேட்பதில்லை. இரண்டையும் கலந்து, சோதிக்க வேண்டிய கடல்நீரில் விட்டால் கரு வளரத் தொடங்கும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும், பந்தாகும். நீர் சுத்தமாக இருந்தால் இரண்டு நாளில் நீண்ட கைகளோடு குட்டிக் கூடாரம் போல ஓர் உருவம் நீந்தும். நீரில் ஆலைக்கழிவோ உலோகமோ கலந்திருந்தால் கை முளைக்காது, அல்லது கோணும், அல்லது குடல் உள்ளே போவதற்குப் பதிலாக வெளியே பிதுங்கி நிற்கும். நம் நாக்குக்கும் மூக்குக்கும் தெரியாத விஷம் அந்தக் கருவுக்குத் தெரியும். ஒவ்வொரு குப்பியிலும் நூறு கருக்களை நுண்ணோக்கியில் எண்ணி, எத்தனை நேர், எத்தனை கோணல் என்று எழுதுவது என் வேலை.

எனக்குத் தேதி முக்கியம். கல்யாணமான நாளிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். கிழமை, திதி, மழை, காவிரியில் தண்ணீர் எவ்வளவு, வீட்டுக்கு யார் வந்தார், என்ன பேசினார். வீட்டில் பழைய விஷயத்தில் சண்டை வந்தால் என் நோட்டைத்தான் கேட்பார்கள். முதுகலையில் முதல் வகுப்பு வாங்கியவள். ஆராய்ச்சிப் பட்டத்துக்கு விண்ணப்பம் பூர்த்தி செய்த அதே வாரத்தில் நிச்சயதார்த்தம் நடந்தது. விண்ணப்பத்தை யாரும் கிழிக்கவில்லை. யாரும் அதைப் பற்றிப் பேசவுமில்லை. அதன் பிறகு நான் படித்ததெல்லாம் நூலகத்துப் புத்தகங்கள்தான், வாரத்துக்கு நான்கு.

அந்தப் பெண் எங்கள் துறைக்கு ஆராய்ச்சி மாணவியாக வந்தது ஒரு ஆனி மாதம், திங்கட்கிழமை. இராமநாதபுரத்துப் பக்கம் ஒரு கடற்கரை ஊர். அப்பா ஃபைபர் படகில் மீன்பிடிக்கிறவர். மன்னார்புரத்தில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் தங்கினாள். அவள் ஊருக்கு வடக்கே ஓர் ஆலையின் கழிவு ஓடை கடலில் வந்து விழுகிறது. அந்தக் கழிவின் கெடுதல் கரையோரமாக எவ்வளவு தூரம் போகிறது என்பதை முள்ளெலிக் கருக்களை வைத்து அளப்பது அவள் ஆய்வு. ஓடை வாயிலிருந்து தள்ளித் தள்ளி அவள் நீர் எடுப்பாள். ஒப்பிட்டுப் பார்க்கச் சுத்தமான நீர் வேண்டுமே, அதை அவள் அப்பா படகில் ஒரு மணி நேரம் உள்ளே போய் மொண்டு வருவார். அந்தச் சுத்த நீரில் கருக்கள் நேராக வளர்ந்தால்தான் மற்றக் குப்பிகளின் கோணலுக்கு அர்த்தம். அதுவே கெட்டால் அன்றைய சோதனை மொத்தமும் குப்பை.

அவள் பையைத் திறந்தால், மீன்வாடை என்பதுபோல, நான் எழுந்து போய் ஜன்னலைத் திறப்பேன். வார்த்தை எதுவும் சொல்ல மாட்டேன். கொக்கியை எடுக்கும் சத்தம் போதும். முதல் வாரம் அவள் முகம் சிவந்தது. இரண்டாவது வாரத்திலிருந்து அவளே வந்தவுடன் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அதற்கப்புறம் எனக்கு அதில் சுவாரசியம் போய்விட்டது.

அவள் வந்த மூன்றாம் வருடம், ஐப்பசியில் ஒரு புதன்கிழமை, சப்தமி, வெளியே மழை. நான் எண்ணி முடித்த குப்பி ஒன்றை அவள் மறுபடியும் நுண்ணோக்கியில் வைத்தாள். எம்.எஸ்சி. மாணவிகள் இருவர் பக்கத்தில் நின்றார்கள்.

"அக்கா, இதுல நிறைய கை குட்டையா இருக்கு. நீங்க நல்லதுல சேத்துட்டீங்க."

"குட்டைன்னாலும் கை கைதானே."

"இல்லக்கா, உடம்பு நீளத்துல பாதியாவது இருக்கணும். நீங்களே ஒரு தரம் பாருங்க." நான் குனிந்து பார்த்தேன். அவள் சொன்னது சரி. "கண்ணாடி மாத்தி ரொம்ப நாளாச்சாக்கா?" என்று கேட்டாள். அக்கறையாகத்தான் கேட்டாள். ஆனால் அந்த இரண்டு மாணவிகளும் சிரித்தார்கள். அந்த ஒரு மாதத்துக் குப்பிகள் எல்லாவற்றையும் அவள் இன்னொரு தரம் எண்ணினாள். நான் கழுவுத் தொட்டியருகே நின்று பிப்பெட் கழுவினேன். அன்றைக்கு நாட்குறிப்பில் மழையைப் பற்றி மட்டும் எழுதினேன்.

அவளுக்கு மூன்று சோதனைகள் முடிந்திருக்க வேண்டும். இரண்டு நன்றாக வந்துவிட்டன. மூன்றாவதை, முள்ளெலிகளிடம் முட்டை நிறையக் கிடைக்கும் மார்கழிப் பௌர்ணமியை ஒட்டி வைத்துக்கொண்டாள். மாசியில் ஆய்வுக் குழு கூடும். பங்குனியோடு அவள் பதிவுக் காலம் முடிகிறது. மூன்றாவது சோதனை இல்லாமல் ஆய்வேட்டைக் குழு ஏற்காது. எங்கள் பேராசிரியர் அதை அவருடைய பாணியில் அவளிடம் சொல்லியிருந்தார். "சொதப்பினேன்னா, ஊருக்குப் போயி வலை பின்னு. அதுக்கு யாரும் கமிட்டி கூட்ட மாட்டாங்க."

வைகுண்ட ஏகாதசி வெள்ளிக்கிழமை வந்தது. திருச்சிக்கு உள்ளூர் விடுமுறை. சனி, ஞாயிறும் சேர்த்து மூன்று நாள் கல்லூரி மூடல். அந்த மூன்று நாளில் கட்டிடம் முழுவதும் கரையானுக்கு மருந்து அடிக்கப் போகிறார்கள் என்று சுற்றறிக்கை. மருந்து வாடை பட்டால் நீர் கெட்டுவிடும். அவளோ புதன்கிழமையே அப்பா மொண்டு கொடுத்த நீரைப் பத்து லிட்டர் கேன் இரண்டில் பஸ்ஸில் கொண்டுவந்திருந்தாள். நான் அதை வடிகட்டியும் வைத்துவிட்டேன். ஆய்வகத் தொட்டிகள் அப்போது காலி, முள்ளெலிகளைப் பிடித்துவர அவள் மறுபடியும் ஊருக்குப் போக வேண்டும். உயிருள்ள முள்ளெலிப் பெட்டியோடு கழிவு நீர்ப் புட்டிகளையும் சேர்த்து, அதற்குமேல் இன்னும் கேன் ஏற்ற எந்த கண்டக்டரும் விடமாட்டார். அதனால்தான் சுத்த நீர் முன்னால் வந்தது.

"ஹாஸ்டல்ல லீவுக்கு ரூமப் பூட்டிடுவாங்கக்கா. உங்க வீட்ல ஒரு ஓரமா வச்சிக்க முடியுமா?"

"கொண்டு போறேன்."

"கேனத் திறக்க வேணாம். நிழல்ல இருந்தா போதும்."

இவ்வளவுதான் அவள் கேட்டது. இதை நான் மறந்ததாகச் சொல்ல முடியாது.

தசமியன்றே ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில் ஆட்டோவை மறித்துவிட்டார்கள். இரண்டு கேன்களையும் கூட்டத்தில் இடித்துக்கொண்டு தூக்கிப் போனேன். வாசற்படி ஏறியதும் மாமியார் மூக்கைச் சுளித்தார்.

"என்னது இது?"

"சமுத்திர ஜலம்மா. காலேஜ் வேலை. திங்கக்கிழமை எடுத்துண்டு போயிடுவேன்."

"எந்த மீன்காரா கேனோ? கவிச்சி குடலைப் பிடுங்கறது. நாளைக்கு ஏகாதசி, மெட்ராஸ்லேர்ந்து எல்லாரும் வரா, நடுக்கூடத்துல கொண்டு வந்து வைக்கறயே."

"கொல்லைல வெயில்மா. நெழல்ல இருக்கணும்."

மாமியார் யோசித்தார். அவர் கெட்டவர் அல்ல. ஆசாரத்துக்குள் வழி இருந்தால் அதைக் கண்டுபிடித்துக் கொடுப்பதில் அவருக்குப் பெருமை உண்டு. "ஜலத்துக்கு ஒரு தோஷமும் இல்லை. சமுத்திர தீர்த்தம். கேனுக்குத்தான் தோஷம். பரண்ல பெரிய தாமிரத் தவலை இருக்கு பாரு, அதை எறக்கி அதுல கொட்டி மூடி வை. கேனை வெளில கவுத்துடு. தாமிரத்துக்குத் தீட்டே கிடையாது."

நான் ஊற்றினேன். ஆய்வகத்தில் ஒவ்வொரு சோதனையிலும் தனியாக ஒரு வரிசைக் குப்பிகள் வைப்போம். முள்ளெலிக் கரு விஷத்தைச் சரியாக உணர்கிறதா என்று பார்க்கத் தெரிந்த விஷம் ஒன்றைக் கலந்து வைக்கும் வரிசை. அந்த விஷம் காப்பர் சல்ஃபேட். தராசில் நிறுத்துக் கரைப்பது நான். பதினோரு வருடமாக நான். தாமிரம் துளி பட்டாலும் அந்தக் கரு கோணிவிடும் என்று எனக்கு அந்தக் கல்லூரியில் யாரையும்விட நன்றாகத் தெரியும். ஆனால் ஆய்வகத்துத் தாமிரம் நீலப் பொடி, வீட்டுத் தாமிரம் தீர்த்தம். இரண்டும் என் மண்டைக்குள் அதுவரை சந்தித்துக்கொண்டதே இல்லை. வியாழக்கிழமையைப் பொறுத்தவரை இது உண்மை. ஞாயிற்றுக்கிழமைக்கு இது பொருந்தாது.

ஏகாதசியன்று பரமபத வாசல் சேவித்துவிட்டு வந்த உறவினர்கள் தவலையில் இருப்பது சமுத்திர தீர்த்தம் என்று கேள்விப்பட்டார்கள். ஆளுக்கு ஓர் உத்தரணி எடுத்துத் தலையில் தெளித்துக்கொண்டார்கள். மெட்ராஸ் நாத்தனார், "ராமேஸ்வரமா?" என்று கேட்டாள். "அந்தப் பக்கம்தான்" என்றேன். ஒரு சின்னப் பாட்டிலில் கொஞ்சம் எடுத்துக்கொண்டாள். துவாதசி பாரணை முடிந்து எல்லோரும் கிளம்பினார்கள்.

ஞாயிறு மத்தியானம் நீரைத் திரும்பக் கேனில் ஊற்றினேன். காலித் தவலையைக் கவிழ்க்கப் போனவள் உள்ளே பார்த்தேன். நீர் நின்ற கோடு வரைக்கும் உட்புறம் புளி போட்டுத் தேய்த்ததுபோல இளஞ்சிவப்பாக மின்னியது. கோட்டுக்கு மேலே பரணில் இருந்த பழைய கறுப்பு. உப்பு நீர் மூன்று நாள் அதைத் தின்றிருக்கிறது. தின்றது எங்கே போகும்? கேனுக்குள் இருக்கிறது.

அப்போது மணி இரண்டேகால். அந்தப் பெண் அடுத்த நாள் மாலைதான் ஊரிலிருந்து கிளம்பப் போகிறாள். ஒரு போன் செய்தால் போதும். அவள் அப்பா மறுநாள் விடியற்காலை இன்னொரு முறை உள்ளே போய் ஒரு கேன் மொண்டு கொடுப்பார், கழிவுப் புட்டியில் இரண்டைக் குறைத்துக்கொண்டு அதைக் கொண்டுவருவாள். போனை எடுத்தேன். "தாமிரத்திலயாக்கா வச்சீங்க?" என்று அவள் கேட்கப்போகும் குரல் காதில் விழுந்தது. கண்ணாடி மாற்றி எவ்வளவு நாளாயிற்று என்று கேட்ட அதே குரல். போனைக் கீழே வைத்தேன். தவலையைப் பழைய துணியால் துடைத்துப் பரணில் ஏற்றினேன்.

ஒன்றும் ஆகாமலும் போகலாம் என்று நினைத்துக்கொண்டேன். ஏதாவது ஆகட்டும் என்று நினைத்ததும் உண்டு. எது முதலில், எது பின்னால் என்று இப்போது பிரிக்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை, பௌர்ணமி, சோதனையைத் தொடங்கினோம். முட்டைகள் நிறைய வந்தன. அவள் அன்று உற்சாகமாக இருந்தாள். ஊசி போட்ட முள்ளெலி ஒவ்வொன்றையும் தனித்தனிக் குவளையில் கவிழ்த்து வைத்துவிட்டு, "சாரி, சாரி" என்று அவற்றிடம் சொல்லிக்கொண்டு போனாள். அவற்றில் பாதி அன்று மாலைக்குள் முள் உதிர்த்தன. வியாழக்கிழமை காலை குப்பிகளில் ஃபார்மலின் விட்டு நிறுத்தினோம். எண்ண உட்கார்ந்தது நான். முதல் குப்பி, சுத்த நீர். நூறில் பத்துகூட நேராக இல்லை. மிச்சமெல்லாம் உருண்டை, பிதுங்கல், கையில்லாத முண்டம். நான் எண்ணியதை அப்படியே எழுதி அவளிடம் கொடுத்தேன். இம்முறை எண்ணிக்கையில் தவறே இல்லை.

அவள் தானே உட்கார்ந்து இரண்டு தரம் எண்ணினாள். பிறகு காப்பர் சல்ஃபேட் வரிசையிலிருந்து ஒரு குப்பியை எடுத்து, இரண்டையும் மாற்றி மாற்றி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள்.

"அக்கா, ரெண்டும் அச்சா ஒரே மாதிரி கெட்டிருக்கு. லேபிள் மாத்தி ஒட்டிட்டமா?"

"நான் ஒட்டின லேபிள் மாறாது."

"இல்லக்கா, கேக்குறேன். கேன் எங்க வச்சிருந்தீங்க?"

"நிழல்லதான்."

"வெயிலே படலயே?"

"படல."

கேட்ட கேள்விகளுக்கெல்லாம் உண்மையைத்தான் சொன்னேன். "மிச்சத் தண்ணிய உலோகச் சோதனைக்கு அனுப்பலாமா, சார்கிட்ட கேக்குறேன்" என்று எழுந்தாள். மதியம் சாப்பிடப் போனாள். அவள் படியிறங்கும் சத்தம் நின்றதும், கேன்களில் மிச்சமிருந்த நீரைத் தொட்டியில் கொட்டி, குழாய் நீரால் மூன்று தரம் அலசிக் கவிழ்த்தேன். வேலை முடிந்த பாத்திரத்தை அன்றே கழுவுவது ஆய்வக வழக்கம். திரும்பி வந்து கேட்டவளிடமும் அதைத்தான் சொன்னேன். யாரும் என்னை எதுவும் கேட்க முடியாது.

பேராசிரியர் மூன்று மணிக்கு வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை. அவளையும் உட்காரச் சொல்லவில்லை. எண்ணிக்கைத் தாளைப் பார்த்தார்.

"கடலுக்குள்ள பொறந்து வளந்தவங்கதானே நீங்கள்லாம்? ஒரு கேன் தண்ணி ஒழுங்கா மொள்ளத் தெரியல."

"அப்பா உள்ள போயித்தான் சார் எடுத்தாரு."

"நீ கூடப் போனியா?"

"இல்ல சார்."

"அப்புறம் உனக்கு எப்படித் தெரியும்? மார்கழிக் குளிரு, காத்து வேற. மனுஷன் போட்டுக்கிட்டு கரையிலயே முங்கி எடுத்திருப்பாரு. ஓடைத் தண்ணியையே மொண்டு குடுத்திருப்பாரு. நீ அதுக்கு முனைவர் பட்டம் கேக்கறே."

அவர் "போட்டுக்கிட்டு" என்று சொன்னபோது கட்டை விரலை வாய்க்கு நேராகச் சாய்த்துக் காட்டினார். எம்.எஸ்சி. மாணவிகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் பேனாவின் மூடியைத் திருகினேன். அவள் அழவில்லை. ஆனால் ஒன்று நடந்தது. அவர் சொன்னது அவளுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அது உட்காருவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வராந்தாவில் நின்று அப்பாவுக்கு போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள், போனில் காதுப்பக்கம் பழுது. இரண்டு பக்கமும் எனக்குக் கேட்டது.

"எங்க எடுத்தீங்கப்பா? உண்மையச் சொல்லுங்க."

"எப்பவும் எடுக்குற எடத்துலதாம்மா. பவளப் பாரு தாண்டி."

"அன்னைக்கு காத்தா இருந்துச்சா இல்லையா?"

"காத்துதான். போயிட்டுத்தாம்மா வந்தேன். உனக்குன்னா போகாம இருப்பனா?"

"குடிச்சிருந்தீங்களா?"

"நீ வேணும்னா உங்கம்மாவக் கேளு" என்றார். அவள் போனை அணைத்தாள். திரும்பியவள் நான் நிற்பதைப் பார்த்தாள்.

"பொய் சொல்றாருக்கா," என்றாள். "குரல்லயே தெரியுது."

நான் உள்ளே போய்க் குப்பிகளைக் கழுவ எடுத்தேன்.

முள்ளெலி முட்டை வைக்கும் காலம் முடியுமுன் இன்னும் ஒரே ஒரு தவணை இருந்தது, தைப் பௌர்ணமி. ஆய்வகத்தை மறுபடி தரலாமா வேண்டாமா என்று பேராசிரியர் கடைசி வாரம் வரை சொல்லவில்லை. பஸ் பிடித்து அவள் அப்பாவே வந்துவிட்டார். பஞ்சப்பூரில் இறங்கி டவுன் பஸ் மாறி, இரண்டு கேன்களையும் தோளில் ஒன்றும் கையில் ஒன்றுமாக மூன்று மாடி ஏறினார். வெள்ளைச் சட்டையின் மடிப்பு இன்னும் கலையவில்லை. கேன்களைத் தரையில் வைத்துவிட்டு, எதன் மேலும் படாமல் சுவர் ஓரமாக நின்றார். முள்ளெலிப் பெட்டியோடு பின்னால் வந்த மகள் அவர் பக்கம் பார்க்கவில்லை.

அவர் என்னிடம்தான் பேசினார். "அம்மா, அந்தப் பழைய தண்ணி ஒரு சொட்டு மிச்சம் இருக்குங்களா? நான் பாத்தா சொல்லிருவேன்."

"கொட்டியாச்சுங்க."

"அதுக்கென்ன. நீங்க என்ன பண்ணுவீங்க." தலையை ஆட்டிக்கொண்டார்.

பேராசிரியர் வந்து அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீங்கதான் அவரா? சரி. இன்னொரு தரம் பண்ணலாம். ஆனா போன தரம் ஏன் கெட்டுச்சுன்னு கமிட்டி கேக்கும். காரணம் இல்லாம நான் ரெண்டாவது தடவை லேபைத் தர முடியாது. குறிச்ச எடத்துல எடுக்கல, ஓடைக்குப் பக்கமா எடுத்துட்டேன்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்க. அத ஆய்வேட்டுல பின்னிணைப்பா வச்சிடறேன். பிரச்னை முடிஞ்சுது."

"நான் உள்ளதாங்க போனேன், ஐயா."

"அப்ப தண்ணி தானா கெட்டுச்சா? இல்ல என் லேப்ல கெட்டுச்சா? எது வேணும்னாலும் சொல்லுங்க. நான் பூட்டிட்டுப் போறேன்."

அவர் மகளைப் பார்த்தார். அவள் பெட்டிக்குள் இருந்த முள்ளெலிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"எழுதுங்கம்மா," என்று என்னிடம் சொன்னார். "எனக்குக் கையெழுத்து போடத்தான் வரும்."

பேராசிரியர் ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். எங்கள் துறையில் நல்ல கையெழுத்து என்னுடையது. சான்றிதழ், பாராட்டு மடல் எல்லாம் நான்தான் எழுதுவேன். சொல்வதற்கு அப்போது எல்லாம் வசதியாக அமைந்திருந்தது. நான்கு பேர், ஒரு அறை, பகல் பதினொரு மணி. ஒரு வாக்கியம் போதும். நான் மேஜையில் உட்கார்ந்து, ஓரம் மடித்து, எழுதத் தொடங்கினேன். குறித்த இடத்துக்குப் போகாமல் கழிவு ஓடையின் வாய்க்கு அருகில் நீர் எடுத்ததாகவும், அது தன் தவறே என்றும், மகளுக்கு அது தெரியாது என்றும் எழுதினேன். கடைசி வரியை நானாகச் சேர்த்தேன். நல்லது செய்வதாக அப்போது எனக்குப் பட்டது.

எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"தேதி போட்டீங்களா?"

"ஏகாதசிக்கு முந்தின செவ்வாய்க்கிழமை. சரிதானே?"

"சரிதான். தேதிய மட்டும் மாத்தாதீங்க. அன்னைக்கு நான் போனது நெசம்."

பேனாவை வாங்கி, தாளை இடது உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகக் கையெழுத்திட்டார். முடிய வெகு நேரம் ஆயிற்று. அப்போதுதான் மகள் தலையை நிமிர்த்தினாள்.

"இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்லப்பா. இவ்ளோ அவமானம் எனக்கு வந்திருக்காது."

"ஆமாம்மா," என்றார் அவர். "சொல்லியிருக்கணும்."

மத்தியானப் பஸ்ஸுக்குக் கிளம்பினார். போகும்போது என்னைக் கும்பிட்டார். பழக்கத்தில் நானும் கும்பிட்டேன். அந்த வாரம் கேன்கள் ஆய்வகத்திலேயே இருந்தன, மேஜைக்கு அடியில், நிழலில். சோதனை தொடங்கி இரண்டு நாள் கழித்து எண்ணினேன். சுத்த நீர்க் குப்பிகளில் கருக்கள் எல்லாம் கை நீட்டி நேராக வளர்ந்திருந்தன. ஓடைவாய்க் குப்பிகளில் கோணல். பதினோரு வருடத்தில் இவ்வளவு சுத்தமாகப் பிரிந்து வந்த சோதனையை நான் பார்த்ததில்லை. அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். "பாத்தீங்களாக்கா? ஒழுங்கா உள்ள போயி எடுத்தா தண்ணி எப்படி இருக்கு," என்றாள். அவர் புதிதாக மொண்டு தந்த நீர் அவருக்கு எதிராகவே சாட்சி சொன்னது.

குழு ஏற்றுக்கொண்டது. பங்குனியில் ஆய்வேட்டை ஒப்படைத்தாள். எட்டு மாதம் கழித்து வாய்மொழித் தேர்வு. ஆய்வேட்டின் கடைசிப் பக்கங்களில் அந்தக் கடிதத்தின் நகல் இருக்கிறது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அதைப் பார்த்து, "நேர்மையா எழுதி வாங்கி வச்சிருக்கீங்க, நல்ல பழக்கம்" என்று பேராசிரியரைப் பாராட்டினார். பேராசிரியர் என்னைக் கைகாட்டினார். "எழுத்து அவங்களோடது."

தேர்வு முடிந்து கருத்தரங்க அறையில் டீயும் மணப்பாறை முறுக்கும் கொடுத்தார்கள். பட்டுப்புடவையில் அவள் எல்லோரிடமும் தட்டை நீட்டிக்கொண்டே வந்தாள். வரிசையில் அவள் அம்மா இருந்தார், தம்பி இருந்தான், ஊரிலிருந்து இரண்டு பேர் இருந்தார்கள்.

"அப்பா வரலயா?" என்று கேட்டேன்.

"கூப்பிடலக்கா. வந்து என்ன பண்ணப் போறாரு," என்றாள். "எடுத்துக்கோங்க."

எடுத்துக்கொண்டேன்.